பழைய பென்ஸ், பிஎம்டபிள்யூ வாங்கும் முன் எங்கெங்கே கைவைத்துப் பார்க்க வேண்டும்

எட்டு, ஒன்பது வருடம் ஓடிய மெர்சிடிஸ் சி-கிளாஸ் ஒன்று கோலாலம்பூரில் இன்று ஏறக்குறைய ஒரு புது ஹோண்டா சிட்டியின் விலைக்குக் கிடைக்கிறது. இறங்கியது காடியின் விலை மட்டும்தான். அதன் கியர்பாக்ஸ், ஏர் சஸ்பென்ஷன், ஹெட்லைட் எல்லாம் இன்னமும் இரண்டு, மூன்று லட்சம் வெள்ளி காடிக்குரிய விலையிலேயே நிற்கின்றன. முதல் உரிமையாளர் வாரண்டி இருக்கும்வரை கம்பெனியிலேயே சர்வீஸ் செய்வார். இரண்டாமவர் வெளி ஒர்க்‌ஷாப்புக்குப் போவார். மூன்றாமவருக்கு மாதத் தவணை கட்டவே மூச்சு முட்டும். கியர் எண்ணெய் மாற்றுவதைத் தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்பார், பிறகு அடுத்த வருடம் என்பார். அப்படித் தள்ளிப்போட்ட செலவெல்லாம் மொத்தமாக நான்காவதாக வாங்குபவர் தலையில் வந்து விழும்.

அதனால் பார்க்கப் போகும் காடி எதுவானாலும் ஒரே கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: கடைசியாக வைத்திருந்தவர் இதற்குச் செலவு செய்தாரா? பாலிஷ் போட்ட பெயிண்ட் இதற்குப் பதில் சொல்லாது. டயர் சொல்லும். நான்கும் ஒரே பிராண்டா, கம்பெனி ஒப்புதலைக் காட்டும் குறி (பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ) உள்ள டயரா என்று குனிந்து பாருங்கள். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் 2319 என்றிருந்தால், அது 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். நான்கு சக்கரத்துக்கு நான்கு பெயர் தெரியாத பிராண்ட் மாட்டியவர் கியர் எண்ணெய்க்குக் காசு கொடுத்திருப்பார் என்று நம்ப முடியாது. அடுத்தது பேட்டரி. இந்தக் காடிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏஜிஎம் வகை வேண்டும். பிஎம்டபிள்யூவில் புது பேட்டரியைக் கம்ப்யூட்டரில் பதிவும் செய்ய வேண்டும். அந்த இடத்தில் சாதாரண பேட்டரி உட்கார்ந்திருந்தால், மற்ற இடங்களிலும் அதே கை வேலை செய்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பின்னால் சாமான் வைக்கும் பூட்டைத் (boot) திறந்ததும் பாதி காலியான என்ஜின் எண்ணெய்ப் போத்தல் தெரிந்தால், இந்த என்ஜின் எண்ணெய் குடிக்கிறதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்

கிராண்டின், அதாவது காடியின் பதிவுச் சான்றிதழின், படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். காடி தயாரான ஆண்டு, பதிவு செய்த தேதி இரண்டையும் பாருங்கள். ரீகான், அதாவது வெளிநாட்டில் ஓடிவிட்டு இங்கே இறக்குமதியான காடிகளில் இவை வேறுபடும், ஏனென்றால் ஒன்று முதல் ஐந்து வருடம் வரை பழைய காடியைத்தான் ஏபி என்ற அனுமதி எடுத்து இறக்குமதி செய்யலாம். விளம்பரத்தில் 2018/2022 என்று போட்டிருந்தால் அது 2018 காடி. ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் வயது 2018-லிருந்துதான் ஓடுகிறது. விலையையும் அந்த ஆண்டை வைத்தே பேசுங்கள்.

கிராண்டில் பேங்கின் உரிமைக் கோரிக்கை இருந்தால், பாக்கி எவ்வளவு, யார் எப்போது அடைப்பது என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா), போலீஸ் சம்மன்களும் பிளாக்லிஸ்டும் தீராமல் பெயர் மாற்ற முடியாது. 'சம்புங் பாயார்', அதாவது பெயர் மாற்றாமல் அடுத்தவர் லோனைத் தொடர்ந்து கட்டும் ஏற்பாட்டில் சொகுசுக் காடிகள் நிறைய சுற்றுகின்றன. காசு கட்டுவது நீங்கள், கிராண்டில் பெயர் இன்னொருவருடையது. அவர் கட்டவில்லை என்றால் பேங்க் காடியை இழுத்துக்கொண்டு போகும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிளைமிலும் சிக்கல். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கேவி நம்பர் பிளேட் லங்காவியில் வரியில்லாமல் பதிந்தது. அதைத் தீபகற்பத்தில் நிரந்தரமாக ஓட்ட முடியாது.

சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் ரப்பர் ஸ்டாம்ப்பை நம்பாதீர்கள். ஸ்டாம்ப் செய்து தரக் கடை இருக்கிறது. பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் இரண்டுமே புது மாடல்களில் சர்வீஸ் வரலாற்றைக் கம்ப்யூட்டரில்தான் வைக்கின்றன. உரிமையாளர் தன் சேஸி நம்பரைக் கொடுத்துச் சர்வீஸ் சென்டரில் கேட்டால் தேதியும் கிலோமீட்டரும் போட்ட பதிவு கிடைக்கும். அதில் பார்க்க வேண்டியது கிலோமீட்டர் ஏறும் சீர். மூன்று வருடம் தொடர்ந்து ஆண்டுக்கு 20,000 ஓடிய காடி, சர்வீஸ் பதிவு நின்றுபோன நாளிலிருந்து திடீரென்று ஆண்டுக்கு 4,000தான் ஓடியது என்றால் மீட்டரில் கைவைத்திருக்கலாம். ஜப்பானிலிருந்து வந்த ரீகானுக்கு, அங்கே ஏலத்தில் விட்டபோது காடியின் தரத்தைக் குறித்த ஏலத்தாளைக் கேளுங்கள். 4.5, 4 என்பவை நல்ல தரம். ஆர், ஆர்ஏ என்றிருந்தால் விபத்தில் அடிபட்டுச் செப்பனிட்டது. டீலர் காட்டும் தாளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், சேஸி நம்பரை வைத்துத் தனியாகச் சரிபாருங்கள். பிரிட்டனிலிருந்து வந்த காடியின் பழைய நம்பர் தெரிந்தால், அந்த நாட்டு அரசின் இணையத்தளத்தில் எம்ஓடி சோதனை வரலாறு இலவசமாகவே இருக்கிறது. மூன்று வயது தாண்டிய காடிகளுக்கு மட்டும்தான் அந்தச் சோதனை என்பதால், அதற்கும் இளைய காடியில் எதுவும் வராது.

ரோட் டேக்ஸையும் இந்த நேரத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். தீபகற்பத்தில் தனியார் பெயரில் உள்ள 1,991 சிசி செடானுக்கு ஆண்டுக்கு 380 வெள்ளிக்குள் முடிந்துவிடும். 2,996 சிசி என்றால் 2,120 வெள்ளி. 3,000 சிசியைத் தாண்டினால் ஒவ்வொரு சிசிக்கும் நாலரை வெள்ளி ஏறும்.

சூடாகாத என்ஜின்

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "அண்ணே, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க. சூடா இருந்தா நாளைக்குக் காலையில வர்றேன்." போனதும் பானட்மீது உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் சொன்னபடியே நாளைக்குப் போங்கள். வால்வுகளை இயக்கும் டைமிங் செயினின் சத்தம், வால்வ் சீல் வழியாக இறங்கிய எண்ணெயின் நீலப் புகை, பழசான என்ஜின் மவுண்ட்டின் உதறல் எல்லாம் முதல் அரை நிமிடத்தில்தான் வெளிப்படும். சூடான என்ஜின் இவற்றில் பாதியை மறைத்துவிடும்.

பானட்டைத் திறந்து வைத்துவிட்டு வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், நீங்கள் என்ஜின் பக்கத்தில் நில்லுங்கள். முதல் ஓரிரு விநாடி கடகடவென்ற சத்தம் வந்து அடங்கினால், எண்ணெய் அழுத்தம் ஏறும்வரை செயினோ, வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் அட்ஜஸ்டரோ தளர்வாக ஆடுகிறது என்று பொருள். ஒரு விநாடிதானே என்று விட்டுவிடக் கூடாது. எந்த என்ஜின் என்பதைப் பொறுத்து அதன் எடை மாறும்.

மெர்சிடிஸ் டபிள்யூ204 (சி-கிளாஸ்), டபிள்யூ212-ல் (இ-கிளாஸ்) வந்த 1.8 லிட்டர் எம்271 டர்போ என்ஜினில் செயின் நீள்வதும் கேம் ஸ்பிராக்கெட் பல் தேய்வதும் நன்கு தெரிந்த குறை. செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதே என்ஜினில் கேம்ஷாஃப்ட் மேக்னெட்டின் பிளக்கைக் கழற்றி உள்ளே பாருங்கள். எண்ணெய் ஈரம் இருந்தால், அது வயருக்குள் மெதுவாக ஊறி என்ஜின் கம்ப்யூட்டர்வரை போயிருக்கக் கூடும். மேக்னெட் சின்ன சாமான்தான். வயர் ஹார்னஸும் கம்ப்யூட்டரும் அப்படியல்ல. அடுத்த தலைமுறை சி-கிளாஸான டபிள்யூ205-ல் வந்த எம்274-இலும் கேம் அட்ஜஸ்டர் சத்தம் உண்டு.

பிஎம்டபிள்யூவில் என்20 என்ஜினைத்தான் நெருக்கமாகப் பார்க்க வேண்டும். 2015-இன் பிற்பகுதிக்கு முந்தைய எஃப்30 (3 சீரிஸ்) 320ஐ, 328ஐ, எஃப்10 (5 சீரிஸ்) 520ஐ, 528ஐ பெரும்பாலானவற்றில் இதுதான். செயினை வழிநடத்தும் பிளாஸ்டிக் கைடு நொறுங்கி, துண்டுகள் எண்ணெய்ச் சட்டியில் விழும். அவை எண்ணெய் பம்ப்பின் வாயை அடைத்தால் என்ஜினே போய்விடும். 2015 தொடக்கம்வரை செய்தவற்றில் இது அதிகம். கேட்க வேண்டிய அடையாளம், ஆக்சிலரேட்டரை மெல்ல மிதிக்கும்போது வேகத்தோடு கூடவே ஏறும் ஊளைச் சத்தம். கைடு மாற்றிய பில் இருந்தால் அந்தக் காடிக்கு நான் கூடுதல் விலையே கொடுக்கச் சொல்வேன். பில் இல்லாமல், சத்தமும் இருந்தால் பேரம் பேசுவதிலேயே அர்த்தமில்லை. எஃப்30-இன் புதுப்பித்த மாடலில் வந்த பி48 இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். என்47 டீசலில் செயின் என்ஜினின் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. மாற்றக் கூலியே பெரிது. 750எல்ஐ, 550ஐ காடிகளின் என்63 வி8-ல் டர்போ இரண்டும் என்ஜினின் நடுப்பள்ளத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அந்த வெப்பத்தில் வால்வ் சீல் காய்ந்து எண்ணெய் குடிக்கும். அதன் குறைகளுக்காக பிஎம்டபிள்யூ தானே 2014 டிசம்பரில் தனித் திட்டம் அறிவிக்க வேண்டியிருந்தது. விலை எவ்வளவு இறங்கியிருந்தாலும் இங்குள்ள ஜேமுக்கும் வெயிலுக்கும் அந்த என்ஜின் ஒத்துவராது.

ஆடி ஏ4 பி8-இன் தொடக்க ஆண்டுகளில் வந்த 2.0 டிஎஃப்எஸ்ஐ, பிஸ்டன் ரிங் குறையால் எண்ணெய் குடிப்பதில் பெயர் பெற்றது. பத்து நிமிட ஓட்டத்தில் அது தெரியாது. எண்ணெய் அளவைப் பார்த்துவிட்டு, கடைசியாக எப்போது எவ்வளவு ஊற்றினார்கள் என்று கேட்பதே வழி. பிஎம்டபிள்யூ பலவற்றில் எண்ணெய்க் குச்சியே கிடையாது. என்ஜின் சூடான பிறகு திரையில்தான் அளவு பார்க்க வேண்டும்.

பிளாஸ்டிக், ரப்பர், வெயில்

ஜெர்மனியில் குளிர்காலத்தில் ஓடும் அதே காடி இங்கே ஆண்டு முழுவதும் 33 டிகிரியில், ஜாலான் துன் ரசாக் ஜேமில், ஏர்கோன் போட்டபடி நகர்கிறது. என்ஜின் அறையின் பிளாஸ்டிக் இணைப்புகள் வெந்து, தொட்டால் உடைகிற நிலைக்கு வந்துவிடும். கூலன்ட் டேங்க்கின் ஓரம், ரேடியேட்டரின் பக்கப் பிளாஸ்டிக், தெர்மோஸ்டாட் கூடு, டர்போவுக்குப் போகும் குழாய் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை அல்லது இளஞ்சிவப்புத் தூள் படிந்திருந்தால் அங்கே கூலன்ட் கசிந்து காய்ந்திருக்கிறது. என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் மூடியைத் திறந்து கூலன்ட்டின் நிறத்தைப் பாருங்கள். நிறமே இல்லாத பைப் தண்ணீராக இருந்தால், கசிவைச் சரி செய்யாமல் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். பிஎம்டபிள்யூவின் என்52, என்55, என்20 என்ஜின்களில் தண்ணீர் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது. சத்தமோ கசிவோ காட்டாமல் ஒரு நாள் நின்றுவிடும் பம்ப் இது. ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காடியில் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் மாற்றிய பில் இல்லையென்றால், அந்தச் செலவை விலையிலேயே கழித்துவிடுங்கள்.

எண்ணெய்க் கசிவுக்குப் பார்க்க வேண்டியவை வால்வ் கவர் கேஸ்கெட், எண்ணெய் ஃபில்டர் கூட்டின் கேஸ்கெட், எண்ணெய்ச் சட்டியின் கேஸ்கெட். ஃபில்டர் கூட்டுக்குக் கீழேதான் பெல்ட் ஓடும். பல பிஎம்டபிள்யூக்களில் அங்கே கசிந்த எண்ணெய் பெல்ட்டில் பட்டு, பெல்ட் நழுவிச் சுற்றிக்கொள்வது வரைக்கும் போகும். கசிவு காட்டாமலிருக்க என்ஜினைக் கழுவி டிரெஸ்ஸிங் அடித்துப் பளபளப்பாக்கி நிறுத்துவது இங்கே வழக்கம். பத்து வருட என்ஜின் கண்ணாடியாக மின்னினால், அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி டார்ச் அடியுங்கள்.

ஸ்கேனரை இரண்டு முறை போடுங்கள்

ஓட்டிப் பார்க்கும் முன் ஒரு முறை, ஓட்டி முடித்ததும் ஒரு முறை. விற்பவர் முந்தின நாள் எரர் கோடுகளை அழித்துவிட்டிருந்தால் முதல் ஸ்கேன் சுத்தமாகத்தான் வரும். அதைக் கண்டுபிடிக்க காடியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் மலிவான ஓபிடி கருவியும் கைப்பேசி ஆப்பும் போதும். 'கோடு அழித்தபின் ஓடிய தூரம்' என்று ஒரு எண் என்ஜின் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. அது 30, 40 கிலோமீட்டர் என்று காட்டினால் நேற்றோ இன்றோ அழித்திருக்கிறார்கள். கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார் முதலிய சுயசோதனைகள் முடியவில்லை என்று காட்டுவதும் அதே அடையாளம்தான். பேட்டரி மாற்றியதால் அழிந்தது என்பார்கள். அப்படியும் நடக்கலாம், அந்தப் பேட்டரியின் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

மலிவுக் கருவி என்ஜினை மட்டும்தான் பேசவைக்கும். கியர்பாக்ஸ், ஏர்பேக், சஸ்பென்ஷன், பிரேக் கம்ப்யூட்டர்களைப் படிக்க அந்தந்தக் கம்பெனியின் கருவி வேண்டும்: பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, மெர்சிடிஸுக்கு செண்ட்ரி, ஆடிக்கு ஓடிஸ், போர்ஷேவுக்கு பிவிஸ். சான் சாவ் லின், சிகாம்புட், கிளென்மேரி பக்கம் ஜெர்மன் காடிகளை மட்டுமே பார்க்கும் ஒர்க்‌ஷாப்புகளில் இவை இருக்கும். அங்கே ஓட்டத் தூரத்தையும் படிக்கச் சொல்லுங்கள். மீட்டரை மட்டும் குறைத்திருந்தால், சாவியிலோ வேறு கம்ப்யூட்டர்களிலோ பழைய எண் அப்படியே நிற்கும். எல்லா இடத்திலும் திருத்தித் தரும் ஆட்களும் இருப்பதால் இதையே முழு ஆதாரமாக வைத்துக்கொள்ளக் கூடாது. மீட்டரில் 60,000 காட்டி, ஸ்டியரிங் தோல் வழுவழுத்து, ஓட்டுநர் சீட்டின் வெளி ஓரம் நசுங்கி, ஸ்டார்ட் பொத்தானின் எழுத்தே அழிந்திருந்தால் கண்ணை நம்புங்கள். டொயோட்டா அல்ஃபார்ட், வெல்ஃபயர் காடிகளில் இது ரொம்பவும் நடக்கிறது. என்ஜின் நன்றாக உழைக்கும், அதனால் ஓடிய தூரம் ஓட்டத்தில் தெரியாது. கல்யாண வாடகைக்கும் விமான நிலைய ஓட்டத்துக்கும் போனவற்றை நடுவரிசைச் சீட்டும் பக்கக் கதவின் தேய்மானமுமே காட்டிக்கொடுக்கும்.

ஓட்டும்போது

ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. முதலில் நின்றபடியே பிரேக்கை மிதித்து ஆர், டி, ஆர் என்று மாற்றுங்கள். கியர் விழ ஒரு விநாடிக்கு மேல் ஆனாலோ பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோல் இடித்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஜேம் உள்ள சாலைக்குப் போய், மெதுவாக நின்று மெதுவாகக் கிளம்புங்கள். இரண்டாம் கியரிலிருந்து முதல் கியருக்கு இறங்கும்போது இடிக்கிறதா? அடுத்து மேடு வேண்டும். கோலாலம்பூரில் என்றால் காராக் ஹைவேயில் கெந்திங் செம்பா ஏற்றம் நல்ல சோதனை. பினாங்கில் பாலிக் பூலாவுக்கு ஏறும் ஜாலான் துன் சார்டோன் போதும். திரும்பி வந்து பினாங்குப் பாலத்தில் ஒரே வேகத்தில் போய்ப் பாருங்கள். 80 கிலோமீட்டரில் ஆக்சிலரேட்டரை லேசாகப் பிடித்திருக்கும்போது, ரோட்டோரத்துக் கோடுகள்மேல் ஓடுவதுபோல் மெல்லிய நடுக்கம் வந்தால் என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

பிஎம்டபிள்யூவின் எட்டு கியர் இசட்எஃப் பாக்ஸ் உறுதியானது. 'வாழ்நாள் எண்ணெய், மாற்ற வேண்டாம்' என்ற பேச்சுதான் அதைக் கெடுக்கிறது. பாக்ஸைச் செய்யும் இசட்எஃப் கம்பெனியே ஓட்டத்தைப் பொறுத்து 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் எண்ணெய் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் பிளாஸ்டிக் சட்டியோடு சேர்ந்தே இருப்பதால் சட்டியையே மாற்ற வேண்டும். அந்தப் பில்லில் சட்டி இல்லாமல் எண்ணெய் மட்டும் இருந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. மெர்சிடிஸின் ஏழு கியர் பாக்ஸில் கண்டக்டர் பிளேட் என்ற எலக்ட்ரானிக் தட்டு போகும். வேக சென்சார்கள் அதற்குள்ளேயே இருப்பதால், கெட்டதும் காடி ஒரே கியரில் மாட்டிக்கொள்ளும். புதுசு போட்டாலும் கோடிங் செய்தால்தான் வேலை செய்யும், ஆகவே பழைய காடிகளை வெட்டிச் சாமான் விற்கும் ஹாஃப்கட் கடையில் வாங்கி மாட்டிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

டபிள்யூ204, டபிள்யூ212-ல் சாவியைச் செருகியதும் ஸ்டியரிங் பூட்டு திறக்கும் 'ஊங்' என்ற சிறு சத்தம் வரும். அந்த மோட்டார் தேய்ந்து நின்றால் காடி ஸ்டார்ட்டே ஆகாது. சாவியைப் பல முறை செருகி எடுத்துப் பாருங்கள், ஒரு முறைகூடத் தயங்கக் கூடாது. இரண்டு சாவியும் இருக்க வேண்டும்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள காடிக்கு அளவு நாடா எடுத்துப் போங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் ஓரம்வரை நான்கு மூலையிலும் அளந்து குறியுங்கள். முடிந்தால் இரவு முழுக்க நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் மறுபடி அளக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்த ஏர் பை கசிகிறது. பெரிய செலவு அதற்குப் பின்னால் வரும்: கசிவை ஈடுகட்டக் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி, சூடேறி, அதுவும் எரியும். ஸ்டார்ட் செய்தபின் கம்ப்ரஸர் ஒரு நிமிடத்துக்கும் மேலாக உறுமிக்கொண்டே இருந்தால் நாடாவே தேவையில்லை.

ஏர்கோனை நடு வென்ட்டில் தெர்மாமீட்டர் வைத்துச் சோதியுங்கள். வெயிலில் நின்ற காடியிலும் பத்து நிமிடத்தில் 10 டிகிரிக்குக் கீழே வர வேண்டும். எவாப்பரேட்டர் கசிந்தால் டேஷ்போர்டையே பிரிக்க வேண்டியிருக்கும், 'கேஸ் மட்டும் போட்டால் சரியாகிவிடும் பாஸ்' என்ற பேச்சுக்குத் தலையாட்ட வேண்டாம்.

ஹைபிரிட்டுகளைப் பற்றி நீளமாகவே சொல்லலாம், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். மெர்சிடிஸ் சி350இ-இன் பேட்டரி 6.4 கிலோவாட்-மணி, புதிதில் மின்சாரத்தில் மட்டும் 31 கிலோமீட்டர் என்று கம்பெனி சொன்னது. முழுக்கச் சார்ஜ் ஏற்றி, மின்சார மோடில் ஓட்டிப் பாருங்கள். அதில் பாதிகூடத் தேறவில்லை என்றால் பேட்டரி சோர்ந்துவிட்டது. எஸ்400 ஹைபிரிட்டின் சிறு பேட்டரி என்ஜின் அறையிலேயே இருக்கிறது, குளிர்வது ஏர்கோன் கேஸால். ஏர்கோன் கெட்ட நிலையில் மாதக்கணக்கில் ஓட்டிய எஸ்-கிளாஸின் பேட்டரியும் வெந்திருக்கும்.

தண்ணீரில் நின்றதா, இடிபட்டதா

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலும், 2017 நவம்பரில் பினாங்கிலும் எத்தனை காடிகள் மூழ்கின என்பதை நாம் எல்லாரும் பார்த்தோம். அவை எல்லாமே ஹாஃப்கட் கடைக்குப் போய்விடவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுற்றியிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். சீட்டுத் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, கம்பளத்துக்கு அடியில் உள்ள நுரையில் ஈரம், ஸ்பேர் டயர் பள்ளத்தில் மணல் ஆகியவற்றைத் தேடுங்கள். இந்தக் காடிகளில் கம்ப்யூட்டர்களும் ஃபியூஸ் பெட்டியும் பூட்டின் தரைக்கு அடியிலும் கம்பளத்துக்கு அடியிலும் இருப்பதால், கணுக்கால் அளவுத் தண்ணீரே போதும். பழுது உடனே வராது. பிளக்குகளில் பச்சைத் துரு ஏற ஏற, ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாக வரும். வெள்ளம் இல்லாமலும் இது நடக்கும்: சன்ரூஃபின் வடிகால் குழாயில் இலை அடைத்து, மழைத்தண்ணீர் கம்பளத்துக்குள் இறங்கும். மரத்தடியில் நிறுத்திய காடிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவியில் கம்பெனிப் பெயிண்ட் பொதுவாக 100 முதல் 180 மைக்ரான் காட்டும். 300 என்றால் மறுபடி அடித்தது. 1,000-ஐத் தாண்டினால் கீழே பள்ளத்தை நிரப்பிய புட்டி (putty). டபிள்யூ205-இன் பானட், மட்கார்ட், கதவுகள் அலுமினியம் என்பதால் அலுமினியத்தையும் அளக்கும் கருவி வேண்டும், காந்தம் ஒட்டாது. பம்பர் கீறலுக்கு அடித்த பெயிண்டைப் பொருட்படுத்த வேண்டாம். கூரை, கூரையைத் தாங்கும் தூண்கள், பூட்டுத் தரையின் வெல்டிங் இவற்றில்தான் கவனம் வேண்டும். இரண்டு காடிகளை வெட்டி ஒட்டியிருந்தால் அங்கேதான் தெரியும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கை மட்டும் மறைத்திருக்கலாம்.

பூஸ்பாக்கோம் பாஸ் என்றால்?

வாகனச் சோதனை நிறுவனமான பூஸ்பாக்கோமில் பெயர் மாற்றத்துக்கு பி5, லோனுக்கு பி7 என்ற சோதனைகள் உண்டு. அவை பார்ப்பது என்ஜின் நம்பர், சேஸி நம்பர் சரியாக இருக்கின்றனவா, வெட்டி ஒட்டியிருக்கிறதா, கண்ணாடி டிண்ட், விளக்கு முதலியவை விதிக்குள் இருக்கின்றனவா என்பதை. செயின் நீண்டிருப்பதும் கண்டக்டர் பிளேட் சாகப்போவதும் அந்த அறிக்கையில் வராது. 'பூஸ்பாக்கோம் பாஸ் பண்ணின காடி' என்று விற்பவர் சொன்னால் அது சட்டத்துக்குச் சரி என்று மட்டும் எடுத்துக்கொண்டு, காடியை லிஃப்ட்டில் ஏற்ற வேறு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். அந்த ஃபோர்மேன் விற்பவருக்குத் தெரிந்தவராக இருக்கக் கூடாது. கூலியையும் நீங்களே கொடுங்கள்.

முன்பணம் கட்டும்போது, 'மெக்கானிக் சோதனையில் என்ஜின், கியர்பாக்ஸ், வெள்ளம், பெரிய விபத்து என ஏதாவது தெரிந்தால் முன்பணம் முழுதும் திரும்பும்' என்று ரசீதிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி வாங்குங்கள். மறுக்கும் டீலரிடம் அந்த ஒரு காரணத்துக்காகவே வாங்கக் கூடாது. டீலரிடம் வாங்கி ஏமாந்தால் பயனீட்டாளர் உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு 50,000 வெள்ளி வரையிலான வழக்கை வக்கீல் இல்லாமலே கொண்டுபோகலாம். தனியாளிடம் நேரடியாக வாங்கியதற்கு அந்த வழி இல்லை. டீலர் தரும் வெளி வாரண்டியில், ஒரு கிளைமுக்கு எவ்வளவு உச்சம், மெக்கட்ரானிக்கும் (கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பகுதி) ஏர் சஸ்பென்ஷனும் சேர்த்தியா என்ற இரண்டையும் முதலில் படியுங்கள். பெரும்பாலும் மெக்கட்ரானிக், ஏர் சஸ்பென்ஷன் இரண்டுமே விலக்கப்பட்டிருக்கும்.

எலுமிச்சம்பழம் வைத்து எடுக்க நல்ல நாள் குறிப்பதை, லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்குள் வாசலில் நிற்க வேண்டும் என்ற அவசரம் விற்பவருக்கு நன்றாகத் தெரியும், விலையிலும் அது ஏறும். வாங்கும் விலையில் 10 முதல் 15 சதவீதத்தைக் கையில் ஒதுக்கிவைக்க முடியாவிட்டால் ஒரு படி கீழே உள்ள மாடலைப் பாருங்கள். வாங்கிய முதல் வாரத்திலேயே அந்தக் காசிலிருந்து என்ஜின் எண்ணெய், கியர் எண்ணெயும் ஃபில்டரும், பிரேக் எண்ணெய், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். கழற்றிய என்ஜின் எண்ணெய் ஃபில்டரைத் தூக்கிப் போடவிடாமல் வாங்கி, மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மினுமினுக்கும் உலோகத் துகளோ பழுப்புப் பிளாஸ்டிக் துண்டோ இருந்தால் காடியை அன்றைக்கே லிஃப்ட்டிலிருந்து இறக்காமல் எண்ணெய்ச் சட்டியையும் திறக்கச் சொல்லுங்கள்.